சம்மாந்துறை மாப்பிள்ளை

முப்பத்தேழு வயதில் எனக்குக் கதை எழுதும் ஆசை வந்தது. அந்த வயதில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வருவது மகளின் கலியாணக் கவலை. எனக்கோ என் கலியாணமே ஆகவில்லை. காரணத்தில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. கல்முனைப் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை வந்து அதில் குடியிருப்பார். வாப்பா மூத்தவ ராத்தாவுக்கு வீடு கட்டி முடித்தார். எனக்குக் கட்டத் தொடங்கி, ஜன்னலுக்கு மேலே சுவர் எழும்பிய நேரம் மவுத்தாகிவிட்டார். அதில் ஒரு அறைக்கு மட்டும் தகரம் போட்டு நானும் உம்மாவும் இருக்கிறோம். பெண் பார்க்க வருகிறவர்கள் என் முகத்தை ஒரு தரம் பார்ப்பார்கள், பிறகு அண்ணாந்து பார்ப்பார்கள். தேத்தண்ணியைக் குடித்து, ஸலாம் சொல்லிப் போய்விடுவார்கள்.

நான் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் கதை எழுதப் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். சும்மா வீட்டில் இருந்து தகரத்தைப் பார்ப்பதைவிட அது மேல் என்று நினைத்தேன். வகுப்பு எடுத்தவ என்னைவிடப் பத்து வயது இளையவ, இரண்டு புத்தகம் போட்டவ. கதையைப் பிறகு பார்ப்போம், முதலில் ஒரு ஆளை உண்டாக்குங்கள் என்றா. வயது, ஊர், தொழில், என்ன சாப்பிடுவார், எதற்குப் பயப்படுவார், கோபம் வந்தால் என்ன செய்வார், எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வரச் சொன்னா.

ஒரு கிழமை மண்டையை உடைத்துக் கொண்டு ஒருவரை எழுதினேன். அழகானவர், பொறுமையானவர், ஐந்து வேளையும் பள்ளிக்குப் போகிறவர், யாரிடமும் கடுஞ்சொல் பேசாதவர். அவ வாசித்துவிட்டு, இது மனிசனில்லை, வானத்து மலக்கு என்றா. வகுப்பே சிரித்தது. எனக்குப் பற்றிக் கொண்டு வந்தது. ஆனால் அவ சொன்னது சரி. குறை இல்லாத ஆளை யாரும் நம்ப மாட்டார்கள், தெரிந்த ஒருவரை அப்படியே தூக்கி வைக்கவும் கூடாது, ஒருவரிடம் நடையை எடுங்கள், இன்னொருவரிடம் பயத்தை எடுங்கள் என்று சொல்லித் தந்தா.

பிறகு ஒரு மாதம் களவுதான் என் தொழில். ராத்தாவின் மாப்பிள்ளையிடமிருந்து குறட்டையை எடுத்தேன். பஸ்ஸில் பார்த்த ஒருவரிடமிருந்து, சேட்டின் கொலரைக் கையால் நீவி நீவி விடும் பழக்கத்தை எடுத்தேன். வயது நாற்பத்தொன்று என்று எழுதினேன். ஊர் சம்மாந்துறை, நெல் ஆலையில் மெஷின் பார்ப்பவர், காதுக்குள் எந்நேரமும் தவிட்டுத் தூசு. பெண்சாதி மவுத்தாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை. மீனில் முள் எடுக்கத் தெரியாது, இந்த வயதிலும் யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். கடலுக்குப் பயம், கரைக்கு வந்தாலும் செருப்பைக் கழற்ற மாட்டார். கோபம் வந்தால் பேசாமல் போய்ச் சைக்கிளைக் கழற்றித் திரும்பப் பூட்டுவார். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: பெண் வீட்டில் வீடு கேட்பது வெட்கம் என்று நினைப்பவர், அதனால் சொந்தக்காரர்களோடு பகை.

அந்தத் தாளை வகுப்பில் வாசித்தேன். எல்லாருக்கும் பிடித்திருந்தது, அந்தக் கடைசி வரி வரும் மட்டும். இப்படி ஒருவர் இருந்தால் என் தங்கச்சிக்கும் பாருங்கள் என்று ஒருத்தி சொன்னாள். படிப்பித்தவவும் தயங்கித் தயங்கி, மற்றதெல்லாம் உயிரோடு இருக்கிறது, அந்த வரியை மட்டும் வெட்டிவிடுங்கள், அதில்தான் ஆள் பொய்யாகிவிடுகிறார் என்றா. நான் வெட்டவில்லை. அந்த வரிக்காகத்தான் மற்ற வரியெல்லாம் எழுதினேன் என்று அவவுக்கு எப்படிச் சொல்வது? தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக் கொண்டு, பல்லைக் கடித்துக் கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வகுப்புக்குப் போகவில்லை.

கொஞ்ச நாளில் உம்மாவின் போக்கு மாறியது. நான் விளங்கிக் கொள்ளவில்லை, அவ்வளவு மடைச்சி நான். பெட்டிக்குள் கிடந்த தலையணை உறைகளை எடுத்து வெயிலில் போட்டா. சம்மாந்துறைக்கு எத்தனை மணிக்கெல்லாம் பஸ் இருக்கிறது என்று கேட்டா. சாப்பாட்டில் மீன் முள்ளை எடுத்து என் பீங்கான் ஓரத்தில் வைத்து, இதையெல்லாம் நீயும் பழகிக் கொள் என்றா. வயதாகிவிட்டது, ஏதோ சொல்கிறா என்று இருந்துவிட்டேன். உம்மா சந்தோஷமாக இருந்தா, அதை ஏன் கிண்ட வேண்டும் என்றும் நினைத்தேன்.

கலியாணம் பேசித் திரியும் மாமி ஒருத்தி எங்கள் பக்கம் இருக்கிறா. பாலர் பாடசாலை விட்டு வரும்போது சந்தையடியில் என்னை மறித்தா. பெரிய இடமெல்லாம் கிடைத்திருக்கிறதாம் உனக்கு, எனக்கு ஒரு சொல் சொன்னாயா என்று குறைப்பட்டுக் கொண்டா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் சொன்னா. மருதமுனையிலிருந்து ஒருவர் கேட்டு வந்தாராம். பெண்சாதி இல்லாதவர், இரண்டு பிள்ளைகள், சாரன் நெய்கிறவர். இருக்கிற ஒரு அறை போதும், மிச்சத்தை மெல்ல மெல்ல நானே கட்டுவேன் என்று அவரே வாயால் சொன்னாராம்.

"உங்கட உம்மாதான் வேணாமெண்டா. சம்மாந்துறையில எல்லாம் பேசி முடிஞ்சிட்டு எண்டா. அவருக்கு வாற வெள்ளிக்கிழம வேற இடத்தில நிக்காஹ்."

நடுச்சந்தையில் நின்று என்ன செய்வது? சிரித்தேன். மாமி போகும் வரை சிரித்துக் கொண்டே நின்றேன். பிறகு ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மருதமுனைக்காரரை நான் பார்த்ததில்லை. அவர் எப்படிப்பட்டவரோ, பிள்ளைகள் என்னை உம்மா என்று கூப்பிட்டிருக்குமோ இல்லையோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கேட்டிருந்தால் ஓம் என்று சொல்லியிருப்பேன். ஒரு நொடி யோசித்திருக்க மாட்டேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். உம்மா பின்பக்கத்து ஓலைக் குசினியில் கீரை ஆய்ந்து கொண்டிருந்தா. யாரைக் கேட்டு அவரை வேண்டாமென்று சொன்னீர்கள் என்று கத்தினேன். உம்மா பதறாமல் எழும்பிப் போய், ஓதும் கிதாபுக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து வந்தா. பையைத் துவைக்க எடுத்தபோது கண்டாவாம். நான் வெட்கத்தில் மறைக்கிறேன் என்று நினைத்து, நேரம் வரும்போது நானே சொல்லட்டும் என்று காத்திருந்தாவாம். ஒவ்வொரு தொழுகையிலும் அந்த மனிதருக்காகத் துஆக் கேட்டாவாம்.

எனக்கு வந்த ஆத்திரமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, கெஞ்சுகிற குரலில் சொன்னேன்.

"உம்மா, இப்பிடி ஒராள் இல்ல. நானா எழுதினது. கத எழுதப் பழகினனே, அதுக்கு."

உம்மா என் முகத்தையே பார்த்தா. குறட்டை யாருடையது, கொலர் யாருடையது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கொப்பியை எடுத்து வந்து, வெட்டி வெட்டி எழுதின பக்கங்களைக் காட்டினேன். உம்மா அதை வாங்கி மூடி வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக் கொண்டா.

"வேணாமெண்டு சொல்லிட்டாங்களா மகள்?"

நான் திரும்பவும் தொடங்கினேன். உம்மா கேட்கவில்லை. பார்க்காத ஒருவரை இப்படி எழுத யாராலும் ஏலாது என்றா. மறைக்காதே, எனக்கு விளங்குகிறது, இது நமக்குப் புதுசா என்றா. பிறகு அவரில் பிழை இல்லை என்றும் சொன்னா.

"அவர் நல்ல மனிசன். அவர்ர உம்மாதான் விட்டிருக்க மாட்டா."

நான் அவருக்கு ஒரு உம்மாவை எழுதவேயில்லை. எத்தனை சனிக்கிழமை போயும் எனக்கு அது தோன்றவில்லை. இந்தக் குசினியில் உட்கார்ந்தபடி உம்மா அவவை உண்டாக்கி, வீட்டு வாசலில் நிறுத்தி, அண்ணாந்து பார்க்கவும் வைத்துவிட்டா. அந்த மனுஷியை என் கண்ணாலேயே கண்டது போல இருந்தது. இனி இல்லையென்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. சொன்னால் உம்மாவுக்கு மருதமுனையும் போச்சு, சம்மாந்துறையும் போச்சு, குற்றம் சொல்லக் கூட ஒரு ஆள் மிஞ்சாது.

"ஓம் உம்மா," என்றேன். "அவர்ர உம்மாக்குத்தான் விருப்பமில்லயாம்."

சொன்ன உடனே எனக்கு அழுகை வந்துவிட்டது. நடிப்பில்லை, நெஞ்சு வெடிக்கிற அழுகை. உம்மா என் தலையை மடியில் சாய்த்துத் தடவினா. என்ன இருந்தாலும் அந்த மனிசன் ஒரு தரம் வந்து ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்றா. நானும் அதைத்தான் நினைத்துக் கொண்டிருந்தேன்.