மார்லிஸ் பூன்ஸ்ட்ராவுக்கு ஒன்றும் நேரவில்லை

பிப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றில், தேவாலயத்தில் இரண்டாவது பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றபோதுதான் மார்லிஸ் பூன்ஸ்ட்ரா அதைக் கவனித்தாள். வாய் பாடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. சிறுவயதிலிருந்து பாடிவந்த வேதாகமச் சங்கீதம். அப்பாவை அடக்கம் செய்த அன்று தேம்பித் தேம்பி அழவைத்த வரிகள். பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி அந்த வரிகளைக் கொண்டு தன்னையே கிள்ளிப் பார்த்தாள். வலிக்கவில்லை. பக்கத்தில் அவள் கணவன் வெர்லன் சுருதி தப்பிக் கணீரென்று பாடிக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரமும் ஆகவில்லை. ஈஸ்டருக்கும் ஆகவில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மேற்குப் பகுதியில், ஸீலாந்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது அவர்கள் ஊர். எல்லோரும் டச்சுக்காரர்களின் பேரப்பிள்ளைகள். தெருவுக்கு ஒரு தேவாலயம், தேவாலயத்துக்கு ஒரு சண்டை. மார்லிஸ் அலுவலக நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் உறைத்துணி தைத்துக்கொண்டிருந்தாள். சபையை மேற்பார்க்கும் மூப்பர் பொறுப்பைப் பெண்களுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று அவர்கள் சபை வருடக்கணக்கில் மோதி, பாதிப் பேர் கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போனபிறகு, மிச்சமிருந்தவர்கள் தேர்ந்தெடுத்த முதல் பெண் மூப்பர் அவள். ஆகவே தனக்குள் எல்லாம் அணைந்துபோயிருக்கிறது என்பதை அவ்வளவு சுலபமாக வெளியே சொல்லிவிட முடியவில்லை.

மூப்பர்கள் இரண்டிரண்டு பேராக வீடு வீடாகப் போய் விசாரிப்பது வழக்கம். அவளோடு வருபவர் கெரிட் நீன்ஹைஸ். வான்கோழிப் பண்ணை வைத்திருந்து மகளிடம் ஒப்படைத்துவிட்ட மனிதர், அவளைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், மனைவியை இழந்தவர். எந்த வீட்டிலும் காப்பி வரும்வரை வானிலை பேசுவார். காப்பி வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தேவனோட உங்க நடை எப்படி இருக்கு?" என்பார். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலானோர் "நல்லா இருக்கு" என்று சொல்லிக் கேக்கை நகர்த்தி வைப்பார்கள்.

ட்ரூடி காம்ப்ஸ் அப்படிச் சொல்லவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இலையுதிர்காலத்தில் புற்றுக்கட்டியை அறுத்து எடுத்திருந்தார்கள்.

"எல்லாரும் எனக்காக ஜெபம் பண்ணீங்க. பொழச்சிட்டேன்," என்றாள். "நன்றி சொல்லலாம்னு உக்காந்தா, செவத்தப் பாத்துப் பேசுற மாதிரி இருக்கு. செவரு தேவல, திரும்ப எதிரொலியாவது குடுக்கும்."

கெரிட் வேதத்தைத் திறந்து, சரியான பக்கத்துக்காகக் கட்டைவிரலை நாக்கில் தொட்டார். அவர் வாசிக்கும் முன்பே மார்லிஸின் வாய் பேசிவிட்டது.

"எனக்கும் அப்படித்தான் ட்ரூடி."

கெரிட்டின் விரல் பக்கத்தின் ஓரத்திலேயே நின்றது.

திரும்பி வரும்போது வண்டியைக் கெரிட்தான் ஓட்டினார்.

"அவளுக்கு ஆறுதலா இருக்கட்டும்னுதானே சொன்ன?" என்று பாதி வழியில் கேட்டார்.

"இல்ல."

"எவ்வளவு நாளா?"

"பனி கொட்டுன சமயத்துலேர்ந்து."

"அப்புறம் எதுக்கும்மா என்கூட வீடு வீடா ஏறி இறங்குன?"

"வரலன்னா ஏன்னு கேப்பீங்களே."

கெரிட் அவள் வீட்டைத் தாண்டி ஓட்டிப் போய்விட்டார். பிறகு வண்டியைப் பின்னோக்கி எடுத்தார்.

இரண்டு வாரம் மனசுக்குள் போட்டுப் புழுங்கிவிட்டு, கடமை என்று நினைத்துப் போதகரிடம் சொல்லிவிட்டார். மூப்பர்கள் கூடினார்கள். அவளை யாரும் கடிந்து பேசவில்லை. இளைஞரான போதகர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளி வைத்தார். அவளுக்கு அது தேவைப்படவில்லை.

"ஏதாவது நடந்துச்சா, மார்லிஸ்?"

"ஒண்ணும் நடக்கல."

"பிள்ளைங்க?"

"நல்லா இருக்காங்க."

"உங்களுக்கும் வெர்லனுக்கும்..."

"அவன் குறட்டை விடுறான். அது கல்யாணத்துலேர்ந்தே இருக்கு."

"ஆண்டவர் மேல ஏதாவது கோபமா?"

"கோபம் வந்தாத் தேவலையே. கோபம்னா எதிர்ல யாரோ இருக்காங்கன்னு அர்த்தம்."

ஒரு சாவோ, துரோகமோ, பாவமோ இருந்திருந்தால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். குழம்பு வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். ஒன்றும் நடக்காத ஒருத்திக்கு என்ன கொண்டுபோவது? டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். போனாள். அவர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் நன்றாக வந்தது, பசி எடுத்தது, தோட்டத்தில் வேலை செய்யத் தெம்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்போதும்போல் மரத்தே கிடந்தது. வெர்லன் காலையில் முட்டை பொரித்துக்கொண்டே, தபாலில் வரவேண்டிய பொட்டலத்தை விசாரிப்பதுபோல் கேட்பான்:

"இன்னைக்காவது வந்துச்சா?"

"இல்ல."

"சரி, ரொட்டி ஒண்ணா ரெண்டா?"

ட்ரூடிதான் அவளைத் தெஸ்ஸா வெல்ட்மனின் கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். தெஸ்ஸா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவள், அந்த வேலையை விட்டுவிட்டவள். வாரம் ஒரு பிற்பகல், பக்கத்து ஊரில் பழைய ஊறுகாய்த் தொழிற்சாலையைப் பீர்க்கடையாக மாற்றியிருந்த இடத்தின் பின்னறையில், வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவாள்.

"காரைப் பின்னாடி நிறுத்து," என்றாள் ட்ரூடி. "போன தடவ முன்னாடி நிறுத்திட்டேன். சாயங்காலத்துக்குள்ள எங்க அத்தைக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அவங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அவளும் உள்ளதான் இருந்தா."

தெஸ்ஸா ஒல்லியானவள், சளி பிடித்த குரல். மனிதர் எவரும் எங்கோ ஓரிடத்தில் நின்றுகொண்டுதான் பார்க்கிறோம் என்று அன்று சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆளுக்கொரு ஜன்னல். ஜன்னலே இல்லாம நேராப் பாத்தேன்னு ஒருத்தர் சொன்னா, அவரு தன் ஜன்னலக் கவனிக்கலன்னு அர்த்தம். நம்ம தாத்தாங்க கண்ணாடிய அவ்வளவு சுத்தமாத் தொடச்சு வெச்சிருந்தாங்க, அது இருக்கறதே நமக்குத் தெரியல."

"எனக்கு ஜன்னல் தெரியுது," என்றாள் மார்லிஸ். "வெளிய ஒரே மூட்டம். அதுக்கு என்ன பண்றது?"

"தெரியாது," என்றாள் தெஸ்ஸா.

கடவுளைப் பற்றிய ஒரு கேள்விக்கு இவ்வளவு சட்டென்று அந்தச் சொல்லை யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. மறுவாரமும் போனாள். மூப்பராக நிற்கிற தான், விசுவாசப் பிரமாணத்தைச் சபையார் சொல்லும்போது வாயை மூடிக்கொள்வதாகவும், உள்ளே இல்லாததை 'விசுவாசிக்கிறேன்' என்று எப்படிச் சொல்வதென்றும் அங்கே கேட்டாள்.

"கல்யாணத்துல 'சம்மதம்'னு சொன்னீங்கல்ல?" என்றாள் தெஸ்ஸா. "அப்ப உள்ள என்ன இருந்துச்சுன்னு பாத்துட்டா சொன்னீங்க?"

"செருப்பு கடிச்சுது. அதுதான் ஞாபகம் இருக்கு."

அறை சிரித்தது.

"ஆனா கல்யாணம் ஆயிடுச்சு. அந்தச் சொல்லு உங்க மனச விவரிக்கல. ஒரு காரியத்தச் செஞ்சுது. வாக்கு குடுத்துது. 'விசுவாசிக்கிறேன்'ங்கறதும் அந்த மாதிரிச் சொல்லா இருந்தா? உடம்புச் சூடு பாத்துச் சொல்ற மாதிரி இல்லாம?"

"வாக்கு குடுத்துட்டுக் காத்திருந்தா உணர்ச்சி வருமா?"

"வராமலே போகலாம். என்னால உறுதி சொல்ல முடியாது."

"அப்ப எங்க போதகரே மேல். அவராவது உறுதி குடுக்குறாரு."

எல்லோரையும்விடத் தெஸ்ஸாதான் அதிகம் சிரித்தாள், இருமல் வரும்வரை.

அந்தப் பேச்சுகளால் மார்லிஸுக்குள் எதுவும் பற்றிக்கொள்ளவில்லை. பாதி புரியவுமில்லை. ஒன்று மட்டும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னைக் கிள்ளிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். மரத்த இடம் மரத்த இடமாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு ஒரு காரணத்தையோ பெயரையோ அவசரமாக அடைத்து வைக்கவேண்டாம் என்று தோன்றியது.

மூப்பர் பொறுப்பிலிருந்து விலகுவதாக அவளே சொன்னாள். "இதுக்குத்தான் பொம்பளைங்க வேண்டாம்னு அப்பவே சொன்னோம்," என்று கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார். தனக்குப் பின்னால் வரவேண்டிய பெண்களுக்கு இது பல வருடம் தடையாகும் என்று அவளுக்குத் தெரிந்தது. அறிவுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். சுடவில்லை. கெரிட் அவளை வண்டி நிறுத்தும் இடத்தில் பிடித்தார்.

"பீர்க்கடைல போயி தேவனத் தேடுறியாமே?"

"தேடல, கெரிட். தேடாம இருந்தா என்ன ஆகுதுன்னு பாக்குறேன்."

"அந்தத் தெஸ்ஸா வார்த்தைய வெச்சு வெளையாடக் கத்துக் குடுத்திருக்கா உனக்கு. நல்ல காசு குடுத்துப் படிச்சவ இல்லையா!"

அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவர் அவளிடம் பனியையும் மழையையும் தவிர எதுவும் பேசவில்லை. இத்தனைக்கும் அவள் ஆராதனைக்கு வருவதை நிறுத்தவில்லை. பிரமாணம் வரும்போது மற்றவர்களோடு வாய்விட்டுச் சொல்லவும் தொடங்கியிருந்தாள். ட்ரூடி சபையை விட்டே போய்விட்டாள். தெஸ்ஸாவுக்கு ஒஹையோவில் வேலை கிடைத்தது. பின்னறையில் இப்போது யாரோ சின்ன அம்பு எறியும் விளையாட்டுப் பலகை மாட்டியிருப்பதாகக் கேள்வி.

கெரிட்டுக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. கண்டுபிடிக்கும்போதே முற்றியிருந்தது. சபை மொத்தமும் திரண்டு போய்ப் பார்த்தது. மார்லிஸ் போவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தபோது அவரே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"உனக்குப் புதன்கிழமை லீவுதானே? வா."

போனாள். முன்னறையில் மருத்துவக் கட்டில் போட்டிருந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தார்.

"வர்றவன் ஒவ்வொருத்தனும் நான் எங்க போகப்போறேன்னு எனக்கே வழி சொல்றான்," என்றார். "எனக்குத் தெரியாதா? எழுபது வருஷமா நானும் அதைத்தான சொல்லிட்டிருக்கேன். சொன்னவன் போயி வாசல் தாண்டுனதும் திரும்பப் பயம் புடிச்சுக்குது. இவங்ககிட்ட அதச் சொல்ல முடியல. சொன்னா இன்னும் ஒரு மணி நேரம் உக்காந்து வழி சொல்வானுங்க."

"நான் வழி சொல்லமாட்டேன்."

"அதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டேன்."

அன்று வான்கோழிகளைப் பற்றிப் பேசினார்கள். ஒருமுறை இடி இடித்ததற்குப் பயந்து கொட்டகையில் இருந்தவை எல்லாம் ஒரே மூலையில் போய் அடைந்து நசுங்கியதைச் சொன்னார். பிறகு மேசைமேல் இருந்த வேதத்தைக் காட்டி ஒரு சங்கீதம் வாசிக்கச் சொன்னார்.

"என்னால முடியாது கெரிட். பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

"பொய்யா? உங்கிட்ட யாரு நம்பச் சொன்னா? எனக்குக் கண்ணு தெரியல, அதான் வாசிக்கச் சொல்றேன். நீ வாசி. நம்புற வேலைய நான் பாத்துக்கறேன்."

வாசித்தாள். நாற்காலிக்கு உறை தைப்பதுபோல் ஒரே சீராக, ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தாள். அவர் கண்ணை மூடி உதடசைத்துக்கொண்டிருந்தார். எந்தச் சொல்லும் அவளுக்குள் எதையும் தொடவில்லை. ஆனால் அந்தச் சொற்கள் அவள் வாய்வழியாக எதிரே இருந்த மனிதரிடம் போய்ச் சேருவதைக் கண்ணால் பார்த்தாள்.

அதிலிருந்து புதன்தோறும் போனாள். சில நாள் அவரால் நம்பும் வேலையைச் செய்ய முடியவில்லை. அப்போது, "இன்னைக்கு எனக்கும் முடியல," என்பார். "வாசிக்கவா?" என்று கேட்பாள். "வாசி, சும்மா கெடக்கட்டும்," என்பார். வாசிப்பாள். இருவருக்குமே ஒன்றுமில்லாத அறைக்குள் அந்த வரிகள் ஒலித்து ஓயும். பிறகு அவருக்குத் தண்ணீர் கொடுப்பாள்.

ஏப்ரலில் இறந்துபோனார். அடக்கத்துக்குப் பிறகு சபைக் கூடத்தில் பன்னும் பன்றித்தொடைக்கறியும் பரிமாறினார்கள். கெரிட் எவ்வளவு திடமாக, எவ்வளவு சமாதானத்தோடு போனார் என்று ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். மார்லிஸ் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். கெரிட்டின் மகள் யூனிஸ் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"நீங்க கடைசிவரைக்கும் வந்தீங்க," என்றாள். "உண்மையச் சொல்லுங்க அக்கா. அப்பா பயந்தாரா?"

மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். ஆறுதலாகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடவில்லை.

"பயந்தாரு. கடைசி ரெண்டு மூணு வாரம் ரொம்பப் பயந்தாரு. பயந்துகிட்டே, நான் வாசிக்கறப்ப உதட்ட அசச்சாரு."

யூனிஸ் அடுப்புக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்குத் தெரியும்," என்று சொல்லிக்கொண்டே அழுதாள். "ராத்திரியெல்லாம் என் கையப் பிடிச்சிட்டே இருந்தாரு. வெளிய இவங்க பேசுறதக் கேட்டுட்டு, நான் பாத்ததே தப்போன்னு நெனச்சேன்."

மார்லிஸும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் பிடித்துக்கொண்டது. அழுகை வரவில்லை. யூனிஸின் தலை தோளில் கனத்தது, அதை அப்படியே தாங்கிக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ காப்பி கேட்டார்கள். இருவரும் எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் நோயில் விழுந்த வேறு இரண்டு பேர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஏன் அவளை என்று அவர்களும் சொல்லவில்லை, போதகரும் கேட்கவில்லை. இப்போது ஸீலாந்தின் முதியோர் இல்லத்தில் பாரிசவாயு வந்த ஒரு பெண்மணிக்கு வாசிக்கிறாள். அந்தம்மாவால் பேச முடியாது. கேட்கிறாரா என்றுகூடத் தெரியாது. மார்லிஸ் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து வருகிறாள்.