ஒரு கூறு கவலை

கடவுள் காய்கறிகளைப் படைத்தபோது கூட்டுக் குடும்பங்களை மட்டுமே மனத்தில் வைத்திருந்தார் என்பது, சென்னைப் பட்டணத்தில் தனியாகச் சமைக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு ஆளுக்கு ஒரு தேங்காய் அதிகம். சுரைக்காய் அக்கிரமம். வாழைத்தண்டு வாங்கினால் நான்கு நாளைக்கு நார் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு காய்க்காரரிடம் ஒரே ஒரு கத்தரிக்காய் கேட்டேன். எந்த நோவுக்கு மருந்தாகப் போடுகிறேன் என்று விசாரித்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தாறு வயது. தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து வந்து ஓர் அச்சாபீசில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் விட்ட பிழைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். அது மாதம் ஒரு முறை வந்து என்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். காபி கிளப்பில் மூன்று வேளையும் சாப்பிட்டால் இருபதாம் தேதிக்கு மேல் காற்றைத்தான் குடிக்க வேண்டும் என்று தெரிந்ததும் ஒரு குமுட்டி அடுப்பு, இரண்டு மண்சட்டி, ஒரு குட்டி அம்மி வாங்கினேன். குடியிருந்தது மயிலாப்பூருக்கும் சாந்தோமுக்கும் நடுவில், கால்வாய்க்குப் பக்கத்தில் ஒரு சந்து. மீன் வாசனைக்கு அங்கே யாரும் மூக்கைப் பொத்திக்கொள்ள மாட்டார்கள். அந்த ஒரு லட்சணத்துக்காகவே அறையின் மற்ற எல்லா அவலட்சணங்களையும் மன்னித்தேன்.

ஏனென்றால் மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நொச்சிக்குப்பத்துப் பக்கம் நடந்தேன். சாலையோரத்தில் பெண்கள் கூடைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊர்ச் சாளை மீனை ஓலைப்பாயில் கூறு கூறாகக் குவித்து வைத்திருந்த ஒருத்தியின் முன்னால் நின்றேன். நாற்பது வயது இருக்கும். ஊரையே மிரட்டி வேலை வாங்கும் குரல்.

"கவல வாங்கிக்கினு போ நைனா."

என்னிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, சாளைக்குச் சென்னையில் கவலை என்று பெயராம். இவர்கள் ஒரு மீனுக்கு அப்படிப் பெயர் வைத்து அதைக் குழம்பும் வைத்துச் சாப்பிடுகிறார்கள் என்றதும் இந்த ஊர்மேல் எனக்கு முதல் முறையாக மரியாதை வந்தது.

"பாதிக் கூறு குடுங்க அக்கா."

"வூட்ல எத்தினி பேரு?"

"நான் ஒருத்தன்தான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். தனியாளாக மீன் வாங்க வருகிறவன் கள்ளுக்குத் தொட்டுக்கொள்ளத்தான் வாங்குகிறான் என்பது அவள் அனுபவமாக இருந்திருக்க வேண்டும்.

"ஒண்டிக்கட்டைக்கெல்லாம் கூற ஒடைக்க முடியாது. ஒடைச்சா மிச்சத்த எவ வாங்குவா? கழிச்சுப் போட்டதுன்னு நெனைச்சிக்குவாங்க. வாங்குனா முழுசா வாங்கு, இல்லாங்காட்டி நவுந்துக்கோ."

முழுசாக வாங்கினேன். முதல் நாள் குழம்பு அமிர்தம். இரண்டாம் நாள் அதைவிட அமிர்தம். மூன்றாம் நாள் அது ஊசிப்போக, சந்தில் இருந்த அத்தனை பூனைகளும் என் வாசலில் வந்து உட்கார்ந்தன. நான் பாதிப் பட்டினி, அவை முழு விருந்து. இப்படியே இரண்டு மாதம் போயிற்று. என் சம்பளத்தில் கொழுத்த பூனைகளை மிதிக்காமல் வெளியே போக முடியாத நிலை வந்தது.

தை மாதத்தில் ஒரு நாள் பொறுமை போய் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். பெரிதாகத் திட்டம் போடவில்லை. "ஊரிலேருந்து பொஞ்சாதி வந்துட்டா. அவளுக்குச் சோறே இறங்க மாட்டேங்குது. கொஞ்சம் போதும்" என்றேன். வயிற்றுக் கோளாறு என்று அவள் நினைப்பாள், ஒரு நாளைக்காவது கூறை உடைப்பாள் என்பதுதான் என் கணக்கு.

அவள் முகம் மலர்ந்தது. "முழுவாம கீறாளா?"

பிள்ளை எதுவும் உண்டாகவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு விநாடி அவகாசம் இருந்தது. அந்த விநாடியில் அவள் கை கூறின் நடுவில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

"மூணு மாசமா? அப்பிடித்தான் வாயிக்குப் புடிக்காது. மாங்கா ரெண்டு கீத்து போட்டு வெக்கச் சொல்லு. புளிய கம்மி பண்ணச் சொல்லு." சொல்லிக்கொண்டே கூறை உடைத்தாள். பெரிய மீனாகப் பார்த்து என் பக்கம் தள்ளினாள். செதிலும் குடலும் எடுத்துக் கழுவிக் கொடுத்தாள். மிச்சப் பாதியைக் கூடைக்குள் ஈரச் சாக்குக்கு அடியில் போட்டாள். அது என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. என் பாதி கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நான் ராஜபோகமாகச் சாப்பிட்டேன் என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு வேண்டிய மீன், ஒரு நாளைக்கு வேண்டிய குழம்பு. பூனைகள் மனமுடைந்து வேறு சந்துக்குப் போயின. குழம்பில் என்ன குறை என்று என் மனைவியின் சார்பில் நான் மீன்காரியிடம் முறையிடுவேன். "வெந்தயத்த கருக்கிட்டா. கை பதமில்ல அவளுக்கு" என்று அவள் திட்டுவாள். அந்தத் திட்டையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய் நானே வாங்கிக்கொண்டு அடுத்த முறை ஒழுங்காகத் தாளிப்பேன்.

ஆனால் பிழை பார்ப்பதே தொழிலாக இருந்தவன் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டேன். வயிற்று வலி என்றால் எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருக்கலாம். பிள்ளைத்தாய்ச்சி அப்படி இருக்க முடியாது.

நான் மறந்தாலும் அவள் மறக்கவில்லை. வைகாசியில் காகிதத்தில் சுற்றிப் பச்சைக் கண்ணாடி வளையல் ஆறு கொடுத்தாள். அதற்கு முந்தைய வாரம் கை அளவு கேட்டிருந்தாள். நான் என் விரல்களை வளைத்து ஒரு வட்டம் காட்டியதில் என் மனைவி எலும்பும் தோலுமாக இருப்பது அவளுக்குத் தெரிந்துபோய், ஒரு வாரம் என்னைப் பேசித் தீர்த்தாள். ஆடியில், "தாய் வூட்டுக்கு இன்னும் இட்டுக்கினு போவலியா?" என்றாள். மனைவியை அனுப்பினால் நான் மறுபடி ஒண்டிக்கட்டை, மறுபடி முழுக் கூறு. ஆகவே இல்லாத மாமியாரை அங்கேயே நின்று காலராவில் சாகடித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்றைக்கு இரண்டு மீன் அதிகமாகப் போட்டாள்.

ஆவணியும் முடிந்து புரட்டாசி வந்தது. என் மனைவி பதினோராவது மாதத்தில் கம்பீரமாக நடமாடிக்கொண்டிருந்தாள். "இன்னாடா இது, ஆனைக் குட்டியா?" என்று மீன்காரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லிக் கூடையைக்கூடப் பக்கத்திலிருந்தவளிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்தபோது, பயந்துபோய், முந்தின நாளே பிறந்துவிட்டது என்றேன். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

அந்த வாரத்திலிருந்து பால்சுறா வர ஆரம்பித்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்காகச் சுறாவில் புட்டு செய்து கொடுப்பார்கள். மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டையும் வெங்காயத்தையும் அள்ளிப் போட்டு வதக்க வேண்டும். அவள் எங்கே சுறா விழுந்தாலும் ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்தாள். அதற்குக் காசு வாங்க மாட்டாள். நான் குமுட்டி அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து அந்தப் புட்டைத் தின்றேன். அதைவிட ருசியான ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் தின்றதில்லை. ஒவ்வொரு வாய்க்கும் வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே சட்டியை வழித்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் கட்டுமரம் கடலில் இறங்கவில்லை. நான்காம் நாள் இறங்கிய இரண்டொரு மரத்தில் வந்த மீன் கொஞ்சம்தான். நான் போனபோது அவள் முன்னால் ஒரு தையற்கார பாய் நின்றுகொண்டிருந்தார். தோளில் இஞ்சுநாடா தொங்கியபடியே கடையிலிருந்து ஓடி வந்திருந்தார்.

"புள்ள பொறந்து ஒம்பது நாளு அம்மா. தாய்க்குப் பால் ஊறல. ராவெல்லாம் அழுது அழுது இப்ப அழுவுறதுக்கும் தெம்பில்ல அதுக்கு. பால்சுறா இருந்தா குடும்மா. வெல எதுவானாலும் சரி."

"ஒண்ணே ஒண்ணு கீது பாய். அது ஒரு பச்ச ஒடம்புக்காரிக்கு எடுத்து வெச்சது. அதுக்குப் பொம்பளப் புள்ள. தாயில்லாப் பொண்ணு, பாக்க ஆளில்ல. எப்பிடிக் குடுப்பேன் சொல்லு." பிறகு என்னைப் பார்த்தாள். "தோ, அந்தக் கொழந்தியோட நைனாவே வந்துட்டாரு."

நைனா என்றால் அப்பா என்று அர்த்தம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பாய் என் பக்கம் திரும்பினார். கண் இரண்டும் சிவந்திருந்தன. "மன்னிச்சுக்கங்க. உங்களுக்கும் பச்சப் புள்ளன்னு தெரியாம கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். அவர் கெஞ்சியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னைத் தகப்பன் என்று நம்பி ஒதுங்கிப் போனதுதான் தாங்கவில்லை.

"பாய், நில்லுங்க" என்றேன். அவளிடம், "அதை அவருக்கே குடுத்துருங்க அக்கா. எனக்குக் குழந்தை இல்ல" என்றேன்.

அவள் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது. மறு நொடி மார்பில் அடித்துக்கொண்டாள். "என் தங்கமே, போயிட்டியா" என்று அவள் வைத்த ஓலத்தில் அந்த வரிசையிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து ஓடி வந்தார்கள். பாய் திரும்பி வந்து என் தோளில் கை வைத்து மெல்லிய குரலில் ஏதோ ஓதினார். ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் விடுபட்டால் என்ன ஆகும் என்று அச்சாபீசில் தினமும் பார்க்கிறவன் நான். "பிறக்கவே" என்ற சொல்லை விட்டுவிட்டிருந்தேன்.

"சாகல அக்கா. பொறக்கவே இல்ல. பொஞ்சாதியும் கிடையாது. நான் ஒருத்தன்தான். பாதிக் கூறு வேணும்னு சொன்ன பொய்."

அழுகை நின்றது. கூட்டத்தில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது பரவி, வரிசை முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கத்தியை எடுத்துத் துடைத்து, சுறாவைத் துண்டு போட்டு இலையில் கட்டி பாயிடம் கொடுத்தாள். அவர் நீட்டிய காசைத் தள்ளிவிட்டாள். நான் மடியிலிருந்ததை அவிழ்த்து, இத்தனை நாள் தின்ற சுறாவுக்கெல்லாம் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"அது கொழந்திக்குக் குடுத்தது. நீ யாரு அதுக்குக் காசு குடுக்க?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் காசை மறுபடி முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

பத்து நாள் கத்தரிக்காய் தின்றேன். வளையல்களைத் திருப்பிக் கொடுக்கலாமென்று இரண்டு தரம் எடுத்துக்கொண்டு கிளம்பி, கால்வாய்ப் பாலத்திலிருந்தே திரும்பினேன். பதினோராம் நாள் போனேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடு போனேன். அவள் திட்டவில்லை. பாயின் மனைவிக்குப் பால் ஊறிவிட்டது என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள். பிறகு, முன்பின் பார்த்திராத ஆளைக் கேட்பதுபோல் கேட்டாள்.

"வூட்ல எத்தினி பேரு?"

"ஒருத்தன்."

முழுக் கூறையும் வாரி என் பையில் போடப் போகிறாள் என்று பையை விரித்துப் பிடித்தேன். அவள் கை கூறின் நடுவில் இறங்கியது. பாதியை என் பையில் போட்டாள்.

"மிச்சத்தை யார் வாங்குவாங்க?" என்றேன். முதல் நாள் அவள் கேட்ட கேள்விதான்.

"இத்தினி நாளும் எவ வாங்குனா? நான்தான் எடுத்துக்கினு போய் ஆக்கித் துன்னேன்." ஈரச் சாக்கைத் தூக்கி மிச்சப் பாதியை அடியில் போட்டாள். "என் வூட்லயும் ஒருத்திதான்."

அந்தக் குரலை வைத்து, அவள் வீட்டில் கடலுக்குப் போகும் புருஷனும் நாலைந்து தடிப் பிள்ளைகளும் இருப்பதாக நானாகவே முடிவு கட்டியிருந்தேன். பத்து மாதத்தில் என் வீட்டைப் பற்றி அவள் கேட்காத கேள்வி இல்லை. அவள் வீட்டைப் பற்றி நான் ஒன்றுகூடக் கேட்டதில்லை. ஆளுக்குப் பாதிக் கவலையை எடுத்துக்கொண்டு அவரவர் அடுப்புக்குப் போனோம்.