பிரேக் மாஸ்டர் மறக்காதது

எங்கள் டிரைவிங் ஸ்கூலில் அவருக்கு பிரேக் மாஸ்டர் என்றுதான் பெயர். கற்றுக்கொடுக்கிற காரில் இரண்டு பேருக்கும் பிரேக் உண்டு, தெரியும்தானே? ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்தில் உட்காருகிற மாஸ்டர் காலடியில் ஒன்று. இவர் கால் அதை விட்டு எழுந்ததே கிடையாது. தெரு முனையில் ஒரு பூனை யோசித்துக்கொண்டு நின்றாலும் வண்டி நின்றுவிடும். "என் உயிரை அடுத்தவன் கையில குடுத்துட்டு எப்படிம்மா சும்மா உட்கார்றது?" என்பார்.

நான் அங்கே போன் எடுக்கிறவள். இவர் போட்ட பிரேக்கில் நெற்றியை இடித்துக்கொண்டு வருகிறவர்களைத் தண்ணீர் கொடுத்துச் சமாதானப்படுத்துவதும் என் தலையில்தான்.

நல்ல மனுஷர், வீம்புதான் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரே மகள். தானாகப் பார்த்து ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டாள். பையன் தங்கமானவன். ஆனால் இவர் அவன் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். கூப்பிட்டே ஆகவேண்டும் என்றால் "இந்தாப்பா" என்பார். அவனுக்கு ஒரு பெயர் இருப்பதே தெரியாத மாதிரி ஒரு நடிப்பு. "ஏன் மாஸ்டர், பேரைச் சொன்னா வாய் வெந்துடுமா?" என்று ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். "உன் வேலையைப் பாரும்மா" என்றார்.

ஒருநாள் காலையில், வேலைக்குப் போகிற வழியில் அந்த மெக்கானிக் ஆபீசுக்கு வந்தான். வியர்வையில் நனைந்த யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பனியனோடு நின்று பேசினான். "மாமா, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி? அவ உங்களை நினைச்சு அழுதுக்கிட்டே இருக்கா. ஒரு தடவை வீட்டுக்கு வாங்க."

மாஸ்டர் மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நீ யாருடா என்னைக் கேள்வி கேக்க..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நாற்காலியோடு சரிந்தார்.

மெக்கானிக் அவர் மூக்கருகில் காதை வைத்துப் பார்த்தான். "அக்கா, மூச்சு இல்ல, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்றான். மாஸ்டருடைய சட்டையைப் பிரித்து, நெஞ்சுக்கு நடுவில் இரண்டு கையையும் வைத்து அமுக்க ஆரம்பித்தான். லிஃப்ட் கம்பெனியில் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம்.

கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் கண்ணைத் திறந்தார். அரைக்கண் இல்லை, முழுசாகவே திறந்தார். மெக்கானிக்கின் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினார். "விடுடா... வலிக்குது..."

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் மாஸ்டருடைய மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி. எங்கள் இன்னொரு வண்டிக்கு அவர்தான் மாஸ்டர். கண் திறந்து கிடக்கிற அத்தானை ஒருவன் நெஞ்சில் போட்டு அமுக்குவதைப் பார்த்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? மெக்கானிக்கின் கழுத்தைப் பிடித்து இழுத்துவிட்டார். கை எடுத்ததுதான் தாமதம், மாஸ்டரின் கண் செருகியது. மெக்கானிக் உதறிக்கொண்டு வந்து மறுபடி அமுக்கினான். கண் மறுபடி திறந்தது.

அதற்குள் மாஸ்டரின் பேன்ட் நனைந்திருந்தது. கையை நிறுத்தாமலே மெக்கானிக் என்னிடம் மெல்லச் சொன்னான்: "அக்கா, என் சட்டையை எடுத்து மாமா இடுப்புல போடுங்க. யாரும் பார்க்க வேண்டாம்."

போட்டேன். மாஸ்டர் அவனையே பார்த்தார். அப்புறம் என்னமோ கத்தினார். "கொல்றான், பிடிங்க இவனை" என்றது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. மச்சான் மறுபடி இழுத்தார். கண் மறுபடி செருகியது. இந்தத் தடவை மெக்கானிக் அவரை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ஷாக் கொடுக்கிறவரைக்கும் கையை எடுக்கவில்லை.

மாஸ்டர் பிழைத்தார். விலா எலும்பு உடைந்திருந்தது. அது போதாதா மச்சானுக்கு? வாய்ச் சண்டையில் மாப்பிள்ளை மாமனாரை நெஞ்சிலே அடித்துவிட்டான் என்று தெருவெல்லாம் தமுக்கு அடித்தார். பார்த்ததை நான் சொன்னால், "கண்ணைத் திறந்து பேசுற மனுஷனுக்கு இதயம் எப்படிம்மா நின்னிருக்கும்?" என்றார். நின்றுதான் போயிருந்தது, அமுக்கிய அமுக்கில் மூளைக்கு ரத்தம் போனதால்தான் விழித்தார் என்று டாக்டரே சொன்னார். "டாக்டர் என்ன, அங்கேயா நின்னுக்கிட்டிருந்தாரு?" இப்படிக் கேட்கிறவரிடம் என்ன பேசுவது?

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த மகளை, அம்மாவும் தாய்மாமனான அந்த மச்சானும் புருஷன் வீட்டுக்குத் திரும்பப் போக விடவில்லை. அவள் அப்பாவைக் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாராம்.

மாஸ்டர் மறுபடி ஆபீசுக்கு வந்த அன்று, மகள்தான் கைப்பிடித்துக் கூட்டிவந்தாள். கொஞ்ச நேரத்தில் மெக்கானிக்கும் வந்தான். வாசலிலேயே நின்றான். "வர்றியா, இல்லையா? அதை மட்டும் சொல்லிடு" என்றான் அவளிடம். மச்சான் குறுக்கே போய் நின்றார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, இவரை எனக்குத் தெரியும். ஆனா உங்க வாயால கேக்கணும். இவர் உங்களை அடிச்சாரா?"

மாஸ்டர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். எனக்கே பொறுமை போய்விட்டது. அப்போதுதான் பேசினார், தரையைப் பார்த்து.

"அடிக்கலைம்மா. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. முதல் தடவை வலியில கத்தினேன். கையை எடுத்ததும் நானே இல்ல. கையை வச்சதும் இந்த ஃபேன் தெரிஞ்சுது. என்னைப் பிடிச்சு வச்சிருக்கிறது இவன் கைதான்னு நல்லாப் புரிஞ்சுது. அப்பதான் சட்டையைப் போட்டு மூடச் சொன்னான். ஈரத்துல கிடக்கிறேன், இவன் என் மானத்தைக் காப்பாத்துறான். எனக்குத் தாங்கல. போனாலும் போகட்டும், இவன் கையால மட்டும் பிழைக்க வேண்டாம்னு, தெரிஞ்சேதான் கத்தினேன். இத்தனை நாளா அதை உன்கிட்ட எந்த முகத்தோட சொல்லுவேன்?"

மச்சான் விலகி, பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும் மாமா" என்றான் மெக்கானிக். "என் பேரைச் சொல்லித்தான் கத்தினீங்க. கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க என் பேரைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். நினைவோடதான் சொல்றீங்கன்னு அப்பவே புரிஞ்சுது. அதை நான் போய் யார்கிட்ட சொல்ல?"

மாஸ்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை, பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. மகள் அவர் தோளைத் தொட்டாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு புருஷன் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு பேரும் படி இறங்கினார்கள்.

மாஸ்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இந்தாப்பா" என்றார்.

அவன் நின்று திரும்பினான். எனக்கு வந்ததே கோபம்.

"சாகக் கிடந்தப்ப வந்த பேரு, இப்ப வராதா மாஸ்டர்?" என்றேன்.

சொன்னார். அப்போதும் தலை நிமிரவில்லை.