பொங்கல் மாடு பறந்தது

எங்கள் போர் விமானத்தின் அடிவயிறு வானத்து நிறம். அந்தக் காலத்துச் சண்டையில், கீழே நிற்கும் எதிரியின் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று அடித்த நிறமாம். கையில் பிடித்த ரேடியோ ரிமோட்டில் பறக்கும் நுரைப் பலகை பொம்மை விமானத்துக்கு எதிரி எங்கிருந்து வந்தான்? கீழே நின்றவர் என் கணவர். அவர் கண்ணுக்குத்தான் அது தெரியாமல் போனது.

இனிப்பு நீர் வியாதி அவருடைய பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. விமானம் மங்கலாகத் தெரியும், எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரியாது. அதனால் சுங்கை பெசாரில் அறுவடை முடிந்த வயல்களில் பறக்கவிடும் ஞாயிற்றுக்கிழமைகளில், நான் அவர் தோளருகே நின்று, "இடது! இன்னும் இடது! தூக்குங்க!" என்று கத்துவேன். கூட வரும் நண்பர்களுக்குக் கண் விஷயம் தெரியாது. முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் கணக்கு நடத்தியவள் புருஷனையும் நடத்துகிறாள் என்று சிரிப்பார்கள்.

"டீச்சர், வானத்துலயும் உங்க ஆட்சிதானா லா?"

சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் கண்ணைப் பற்றிப் பேசுவதைவிட என் வாயைப் பற்றிப் பேசுவது மேல்.

போன மாதம், என் சொல் அவர் விரலுக்குப் போய்ச் சேர்வதற்குள் விமானம் வரப்பில் மூக்கைக் குத்தி விழுந்தது. எங்கள் ஊர் கோலசிலாங்கூருக்குத் திரும்பும் வழியில், "இன்னொரு தடவ விழுந்தா யாருக்காவது கொடுத்துடுறேன்" என்றார். கார் சாவியை என்னிடம் நீட்டிய அன்றும் இதே குரல்தான். கார் போனது, பேப்பர் படிப்பது போனது. இதுவும் போனால் மனிதர் டிவியின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எனக்குப் பயமாக இருந்தது. எனக்குப் பயம் வந்தால் கோபமும் கூடவே வரும்.

மறுநாளே முறிந்த மூக்கை ஒட்டினேன். பிறகு அவரைக் கேட்காமலே விமானத்தின் அடிவயிற்றில் கை வைத்தேன். வீட்டு கேட்டுக்கு அடித்த மிச்சப் பெயிண்டை முதலில் வெட்டி மிஞ்சிய ஒரு துண்டில் தடவிப் பார்த்தேன். பெயிண்ட் அரித்து நுரைப் பலகை குழிந்துபோனது. நல்லவேளை, பெயிண்டை விட்டு நிற டேப்பை எடுத்தேன். இடது இறக்கை முழுக்க மஞ்சள். வலது இறக்கையில் அகலமான கறுப்புப் பட்டைகள். வாலிலும் சுற்றியதில் பின்பக்கம் கனத்துவிட்டது. இரண்டு விரல் நுனியில் தாங்கிப் பிடித்தால் வால் தொங்கியது. வால் கனத்த விமானம் யார் பேச்சையும் கேட்காது. பக்கத்து ஊர் ஜெராமில் தூண்டிலுக்கு விற்கும் ஈயக்குண்டுகளை வாங்கி, சமமாக நிற்கும்வரை ஒவ்வொன்றாக மூக்குக்குள் வைத்தேன்.

அவர் முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "போர் விமானமா இது? பொங்கல் மாடு மாதிரில்ல இருக்கு."

"மாடு காணாமப் போகாதுங்க" என்றேன்.

அடுத்த ஞாயிறன்று காரிலேயே பேசி முடித்துவிட்டோம்: நான் வாயைத் திறக்கக் கூடாது. நண்பர் ஒருவர் கையால் வீசிவிட, விமானம் எழுந்தது. வாய்க்காலைத் தாண்டிப் போய், வளைந்து எங்களை நோக்கி வந்தது. எதிரே வரும்போதுதான் இடமும் வலமும் குழம்பும்; போன தடவை விழுந்ததும் அப்படி வரும்போதுதான். திடீரென்று சாய்ந்தது. நாக்கு நுனிவரை வந்த சொல்லைப் பல்லைக் கடித்து நிறுத்தினேன். மஞ்சள் இறக்கை வெயிலில் பளிச்சிட்டது. அவர் விரல் அசைந்தது. விமானம் நிமிர்ந்தது.

ஆறு நிமிடம் பறந்து, அறுத்த நெல் தாள்களின் மேல் வயிற்றை உரசிக்கொண்டு முழுசாக இறங்கியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நான் இல்லாமலே நடந்துவிட்டதே என்று துளி வருத்தமும் இருந்தது, மறைப்பானேன்?

"என்ன டீச்சர், இன்னிக்கு சத்தத்தயே காணோம்?" என்றார் விமானத்தை வீசியவர்.

நான் வாயெடுப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "அவளுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு லா."

வகுப்பில் பொய் சொன்ன ஒரு பிள்ளையையும் நான் சும்மா விட்டதில்லை. அன்று வாயில் கை வைத்து இரண்டு தடவை இருமிக் காட்டினேன்.