இறவாரம் மறைத்த கடல்

பணி ஓய்வுக்குப் பின் கீழவைப்பாரில் வீடு கட்ட, பொறியாளனான நானே கம்ப்யூட்டரில் வரைந்தேன். சமைக்கும்போது கடல் தெரிய வேண்டும். மனைவி கேட்டது அது ஒன்றுதான். ஆனால் மழைச்சாரலைத் தடுக்க ஓட்டுக்கூரையின் இறவாரத்தை நீட்டும்போதெல்லாம், அது இறங்கிச் சமையலறை ஜன்னலில் பாதியை மறைத்தது. அழித்து அழித்து வரைந்து, எரிச்சலில் மவுசைத் தூக்கி எறிந்தேன்.

“கடலக் காணலயே,” என்றாள் அவள், திரையைப் பார்த்து.

“சாப்ட்வேர் கோளாறு. கட்டுனா சரியா வரும். ஒனக்கு என்னளா தெரியும்?”

“ஆமா, கம்ப்யூட்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒங்களுக்குத்தான் தெரியும்!”

வீடு எழும்பியது, படத்தில் கண்டபடியே. சரிவான கூரை நீள நீளத் தாழும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கோபத்தில் அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

அவள் சொல்லிக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குனிந்துதான் கடலைப் பார்க்கிறாள். என் காலடிச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்துகொள்கிறாள்.