கப்பலேறும் ரோஸ் கவுன்

நாளைக்குச் சென்னையில் கப்பல் ஏறுகிறோம். அக்கா வேலைக்குச் சேர்ந்த சந்தோஷத்தில் குடும்பத்தோடு உல்லாசப் பயணம். ஆளுக்கொரு புது டிராலி பேக் வேறு.

இன்று அம்மா பழைய மஞ்சள் புடவையைக் கிழித்து, ஒவ்வொரு கைப்பிடியிலும் கட்ட வந்தார்.

"மா, கப்பல்ல எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள் அக்கா.

"பை மாறிப் போச்சுன்னா?"

அம்மாவின் பயம் நியாயமானது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, ஒரு ஆயுத பூஜைக்கு அப்பா கம்பெனியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலப் பை கொடுத்தார்கள். அந்த லீவுக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டே நீலமாக இருந்தது.

கன்னியாகுமரிக்குப் போய்ப் பையைத் திறந்தால், உள்ளே யார் வீட்டுத் துணியோ. அப்பா யாருடைய லுங்கியிலோ சூரிய உதயம் பார்த்தார். அக்கா யாரோ ஒரு பாப்பாவின் ரோஸ் கவுனை மாட்டிக்கொண்டு, கழற்ற மாட்டேன் என்று அழுதாள். ஊர் திரும்பிப் பையை மாற்றிக்கொண்டபோது அந்த வீட்டு அம்மா, "உனக்குத்தான் நல்லாருக்கு, வெச்சுக்கோ கண்ணு" என்றார்.

அப்போது எங்கள் நாலு பேருக்கும் ஒரே பை போதுமாக இருந்தது.

இப்போது பரணில் கிடந்த அந்தக் கவுனை எடுத்து, அக்கா பார்க்காதபோது அவள் பெட்டியில் மேலாக வைத்தேன். "அக்கா, உன் பெட்டி மாறிடுச்சு போல" என்றேன்.

திறந்தாள். கவுனை எடுத்துத் தன் மேல் வைத்துப் பார்த்தாள்.

"மா, அந்தத் துணியக் குடு" என்று வாங்கித் தானே முடிச்சுப் போட்டாள்.

கவுனும் கப்பலேறுகிறது. அதற்கு இடம் பண்ண, அவள் பெட்டியில் நான் திணித்திருந்த என் ஷூவை வெளியே எறிந்துவிட்டாள். உங்கள் வீட்டில் பெட்டிக்கு என்ன அடையாளம் கட்டுவீர்கள்? செருப்போடு கப்பலேறப் போகிறவன் கேட்கிறேன்.