மதுரையில் பார்க்க வேண்டிய ஒரே ஒரு தூண்

பயணத் திட்டம் போட்டுக் கொடுக்கும் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு: நாம் எழுதிக் கொடுக்கும் தாளைப் புறப்படும்போது யாரும் படிக்க மாட்டார்கள், ஏதாவது தப்பாகிவிட்டால் மட்டும் அதை நம் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள்.

நான் கடை போட்டிருப்பது கேரள எல்லையில், குமுளியில். இங்கே பயண ஏற்பாடு செய்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் வெளியூர்க்காரர்களுக்கு யானையும் படகும் காட்டுகிறவர்கள். நான் எதிர்த் திசை. மலை மேலே இருக்கிற நம் ஆட்களைக் கீழே இறக்கி, மதுரை, தஞ்சாவூர் என்று பழைய ஊர்களைக் காட்டி, பத்திரமாக மேலே ஏற்றிவிடுவது என் வேலை. எங்கே தங்குவது, எதை எப்போது பார்ப்பது என்று தாளில் எழுதிக் கொடுப்பேன். கேட்டால் கூடவும் போவேன். குடும்பத்தோடு ஒரு முறையாவது ஊர் பார்க்கப் போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவர்களும் என் இனம்தான். மற்றவர்களுக்காக, வண்டன்மேட்டுக் குடும்பம் ஒன்றை ஒரு கோடை விடுமுறையில் மதுரைக்கு அழைத்துப் போன கதையைச் சொல்கிறேன்.

டீச்சரின் நிபந்தனை

முதலில் கடைக்கு வந்தது மல்லிகா டீச்சர். தனியாகத்தான் வந்தார். வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுக்கிறார். பாடப் புத்தகத்தில் திருமலை நாயக்கர் மகாலின் படம் இருக்கிறது. வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து, அந்தத் தூணைக் கட்டிப் பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். டீச்சர் யோசிக்காமல், ரெண்டு பேர் போதும் என்று சொல்லிவிட்டார். அடுத்த கேள்வி, “நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?”

பார்த்ததில்லை. மதுரைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, நகை எடுக்க. மகாலுக்கு மட்டும் போனதில்லை. நம்மில் பாதிப் பேர் அப்படித்தான். பக்கத்தில் இருக்கிற சரித்திரத்தை யாரும் அவசரப்பட்டுப் பார்ப்பதில்லை. நான் தாளை எடுத்து மகாலை முதல் வரியிலேயே எழுதினேன். டீச்சர் அந்த வரிக்குக் கீழே தானே ஒரு கோடு போட்டார்.

“எது விட்டுப் போனாலும் பரவால்ல சார், மகால் விட்டுப் போகக் கூடாது. ஸ்கூல் தெறந்ததும் அந்தப் புள்ள மொதல்ல என் மூஞ்சியத்தான் பாக்கும்.”

கோபுரம் தெரியும் அறை

அடுத்து டீச்சரின் கணவர் துரைப்பாண்டி போன் செய்தார். ஏலக்காய்த் தோட்டக்காரர். அவருடைய அக்கா சரோஜாவும், அக்காவின் கணவர் செல்வராஜும் வருகிறார்கள் என்றார். ஆக நாலு பேர், ஒரு வண்டி, இரண்டு அறை. எளிய கணக்குதான் என்று நினைத்தேன்.

கோயிலுக்குப் பக்கத்தில் தங்கினால் ஜன்னலில் கோபுரம் தெரியும், ஆனால் வண்டி வாசலுக்கு வராது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். தள்ளித் தங்கினால் வண்டி வாசலில் நிற்கும், கோபுரம் தெரியாது. இதைப் பொறுமையாக விளக்கினேன். கோபுரமும் வேண்டும், வாசலில் வண்டியும் வேண்டும் என்று சரோஜா பின்னாலிருந்து சொல்வது கேட்டது. சுடுதண்ணீர் வருமா, கம்பளி தருவார்களா என்று துரைப்பாண்டி கேட்டார். மே மாதத்து மதுரையில் குழாயைத் திறந்தாலே சுடுதண்ணீர்தான் என்றேன். அவர் நம்பவில்லை. நாலு ஸ்வெட்டரும் இரண்டு குரங்குக் குல்லாயும் வண்டியில் ஏறின.

எப்படியோ தேடி, கோபுரம் தெரிகிற, வண்டியும் ஓரளவு பக்கத்தில் வருகிற விடுதியைப் பிடித்தேன். நாலாவது மாடி. சாயங்காலம் அறைக்குள் நுழைந்து ஜன்னலைத் திறந்து காட்டினேன். கோபுரம் அப்படியே எதிரில் நின்றது. சரோஜா ஒரு பார்வை பார்த்தார். பிறகு வெளிச்சம் டிவியில் விழுகிறது என்று திரையை இழுத்து மூடினார். என் முகத்தைப் பார்த்து ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொன்னார்.

“தெரியுதுன்னு தெரிஞ்சாப் போதும் சார். அதையே பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?”

நாலு பேருக்கு ஒரு விசில்

செல்வராஜ் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் இன்னும் விசில் தொங்குகிறது. ஏலக்காட்டில் ஆட்கள் செடிகளுக்குள் மறைந்திருப்பார்கள், கூப்பிட்டால் கேட்காது. அதனால் விசில். ஒரு நீள விசில் அடித்தால் போட்டது போட்டபடி எல்லோரும் வந்து வரிசையில் நிற்க வேண்டும். துரைப்பாண்டியின் தோட்டத்திலும் இதே வழக்கம்தான். சரோஜாவும் கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சத்தத்திலேயே வாழ்ந்தவர்.

கம்பத்தில் டீக் குடிக்க இறங்கினோம். கிளம்பும் நேரத்தில் செல்வராஜ் ஒரு நீள விசில் அடித்தார். பாதி டீயைக் கீழே வைத்துவிட்டு துரைப்பாண்டி வந்து வண்டியருகே நின்றார். சரோஜா கடைக்காரரிடம் மீதிச் சில்லறை வாங்காமலே வந்துவிட்டார். உசிலம்பட்டியிலும் இதே கூத்து. பக்கத்தில் நின்ற பஸ்ஸில் ஏறியிருந்த இரண்டு பேர் இறங்கிவிட்டார்கள். எங்கள் ஓட்டுநர் சேவியர் சிரிக்காமல் என்னிடம் கேட்டார்.

“சாரே, சாயங்காலம் பறிச்ச காயை எடை போட்டுத்தான் ரூமுக்கு விடுவாரா?”

மலை நேரம்

பார்ப்பதற்கு எங்களுக்கு ஒரே ஒரு பகல்தான் இருந்தது. மறுநாள் ஏலக்காய் ஏலம், துரைப்பாண்டி அன்று இரவே வீடு திரும்பியாக வேண்டும். என் தாளில் இருந்தது இவ்வளவுதான்: விடியற்காலையில் கோயில், ஒன்பது மணிக்கு மகால், உச்சி வெயிலில் அறையில் ஓய்வு, நாலு மணிக்கு மேல் தெப்பக்குளம், பிறகு ஊருக்கு.

நாலு பேரும் ஐந்து மணிக்கே குளித்து முடித்துத் தயாராக இருந்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் கிளம்பவில்லை. கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். எட்டு மணி ஆயிற்று. ஏன் என்று கேட்டால், பனி விலகட்டும் என்றார் செல்வராஜ். திரையை விலக்கிக் காட்டினேன். பனியா? வெளியே ஒரு காக்கை நிழல் தேடிக்கொண்டிருந்தது. மலையில் காலையில் பனி, மூன்று மணிக்கு மேல் மழை. நடுவில் இருக்கிற உச்சிப் பொழுதுதான் வெளியே தலைகாட்ட நல்ல நேரம். அந்தக் கடிகாரத்தை அவர் மதுரைக்கும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். மகாலை முதலில் பார்த்துவிடலாமே என்றார் டீச்சர். அது எங்கே ஓடிப் போகிறது, சாமிதான் முதலில் என்றார் துரைப்பாண்டி.

பதினொரு மணிக்கு மேல்தான் கிளம்பினார்கள். சிற்றுண்டி முடித்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கோயில் வாசலை அடைந்தபோது பன்னிரண்டரை, நடை சாத்திக்கொண்டிருந்தார்கள். இனி நாலு மணிக்குத்தான். திரும்பி வருவதற்குள் கல் தரை பழுத்துவிட்டது. செல்வராஜ் முதலில் வேகமாக நடந்தார், பிறகு ஓடினார், பிறகு ஒரு கடையின் கோணிச் சாக்கின் மேல் ஏறி நின்றுகொண்டு இறங்க மறுத்தார். டீச்சர் அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். அவர் செருப்பை வாங்கிக்கொண்டு, கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி டீச்சர் கையில் வைத்தார்.

“இந்தா மல்லிகா, நீயே வச்சுக்க. இந்த ஊருக்கு நான் சூப்பர்வைசர் இல்ல.”

மாதிரிப் பொட்டலம்

இனியாவது மகால் என்று வண்டியைத் திருப்பச் சொன்னேன். அப்போதுதான் துரைப்பாண்டி தன் தோள்பையைத் திறந்தார். உள்ளே சிறு சிறு பொட்டலங்களாக ஏலக்காய். எட்டு மில்லிமீட்டர் பருமனில் ஒன்று, ஏழு மில்லிமீட்டரில் ஒன்று, இளம்பச்சை, அடர்பச்சை. போகிற வழிதானே, கீழமாசி வீதியில் ஒரே ஒரு கடையில் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். அது வழியே இல்லை. ஆனால் சுற்றுலா வந்த ஆண்பிள்ளைக்கு எல்லாக் கடையும் போகிற வழிதான் என்பது உங்களுக்கும் தெரியும்.

ஒரு கடை இரண்டாயிற்று, இரண்டு ஐந்தாயிற்று. அவர் ஒவ்வொரு கடையிலும் காயை உடைத்து முகர்ந்து காட்டினார். வியாபாரிகளும் உடைத்து முகர்ந்தார்கள். யாரும் வாங்கவில்லை. டீச்சர் வண்டிக்குள் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழைத்து வரலாம் என்று நான் கடைசிக் கடைக்குள் போனேன். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள், நேரமாகிறது என்று சொன்னேன். கல்லாவில் இருந்த பெரியவர் துரைப்பாண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

“ஊர் பாக்க வந்தவரா? நான் ஊரே இவரைப் பாக்கணும்னு வந்திருக்காருன்னுல்ல நெனச்சேன்!”

சுங்குடி

தம்பி ஐந்து கடை ஏறினால் அக்கா ஒரு கடையாவது ஏற வேண்டாமா? சரோஜா சுங்குடிச் சேலைக் கடையில் உட்கார்ந்தார். மதுரைக்கு வந்து சுங்குடி எடுக்காமல் போனால் வண்டன்மேட்டில் தலைகாட்ட முடியாதாம். கோயிலைப் பார்க்காமல் போனால் காட்டலாம் போலிருக்கிறது. பச்சையைக் காட்டினால் நீலம், நீலத்தைக் காட்டினால் கரை சிறியது. டீச்சர் சேலைகளைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைத்தான் பார்த்தார். மகாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள் என்று மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் சரோஜா, “இதோ ஆச்சு மல்லிகா” என்றார். கடைசியில் முதலில் காட்டிய பச்சையையே எடுக்கச் சொன்னார். அது குவியலுக்கு அடியில் இருந்தது. விற்பனைப் பெண் பெருமூச்சுவிட்டாள்.

“நல்லவேளை அக்கா. இனி விரிக்கணும்னா மதுரைல வேற சேலை நெய்ஞ்சுதான் ஆகணும்.”

தூண்

மகால் வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூட அரை மணி நேரம்கூட இல்லை. சேவியர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். செல்வராஜ் நனைத்த துண்டைப் பாதத்தில் சுற்றிக்கொண்டு பின் சீட்டில் படுத்திருந்தார். சரோஜா சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். துரைப்பாண்டி மட்டும் வாய் திறந்தார்: தூண்தானே, நீ போய்ப் பார்த்துவிட்டு வா, நாங்கள் ஏசியில் இருக்கிறோம். டீச்சர் இறங்கினார். நானும் இறங்கினேன்.

உள்ளே போனதும் டீச்சர் நின்றுவிட்டார். படத்தில் விரல் உயரம் இருந்த தூண் இங்கே கழுத்து வலிக்கும் உயரம் இருந்தது. கைக்கு எட்டுகிற இடமெல்லாம் காதலர்கள் பெயர்களைக் கீறி வைத்திருந்தார்கள். டீச்சர் காவலாளியிடம் போய், தூணைக் கைவிரித்து அளந்து பார்க்கலாமா என்று அனுமதி கேட்டார். எதற்கு என்று கேட்டார் அவர். டீச்சர் அந்தச் சிறுமியின் கேள்வியைச் சொன்னார். காவலாளி பட்டும் படாமலும் அளந்துகொள்ளச் சொன்னார். “இங்க வர்றவன் ஆணியோட வருவான். கேள்வியோட யாரும் வந்ததில்ல” என்றார்.

டீச்சர் ஒரு பக்கம் கைகளை விரித்தார். நான் மறுபக்கம் விரித்தேன். இரண்டு பேர் போதவில்லை. இடைவெளியில் இன்னும் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். மூன்றா, நாலா? ஆள் இல்லாமல் தெரியாது. காவலாளி கடிகாரத்தைக் காட்டினார். டீச்சர் வாசலுக்கு ஓடினார். வண்டியைப் பார்த்துக் கூப்பிட்டார். கண்ணாடி ஏற்றியிருந்தது, யாரும் அசையவில்லை. அப்போதுதான் அவருக்குச் செல்வராஜ் கொடுத்தது ஞாபகம் வந்தது. ஒரு நீள விசில் அடித்தார்.

வண்டியின் கதவுகள் திறந்தன. துரைப்பாண்டி இறங்கினார். சரோஜா சேலைப் பையோடு இறங்கினார். செல்வராஜ் துண்டு சுற்றிய காலோடு, ஒரு செருப்பில் இறங்கினார். மூன்று பேரும் வரிசையாக வந்து டீச்சர் முன்னால் நின்றார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றுவதற்குள் டீச்சர் அவர்களைத் தூணுக்கு நடத்திக்கொண்டு போய்விட்டார்.

கணவனும் மனைவியும் அக்காவும் தூணைச் சுற்றிக் கைகளை விரித்தார்கள். செல்வராஜ் பழைய பழக்கத்தில் சுற்றி நடந்து மேற்பார்வை பார்த்தார். ஒரு சாண் எட்டவில்லை. “பையக் கீழ வையி சரோஜா!” என்று அதட்டினார். சரோஜா மனமில்லாமல் சுங்குடியைக் கீழே வைத்தார். விரல் நுனியும் விரல் நுனியும் தொட்டன. மூன்று பேர். டீச்சர் தூணோடு கன்னம் படாமல் நின்றபடி, மூணு, மூணு என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து துரைப்பாண்டியின் குரல் வந்தது: “இதுக்காடி இம்புட்டு தூரம் வந்தோம்?” டீச்சர் கையை எடுக்காமலே பதில் சொன்னார்.

“நான் இதுக்குத்தாங்க வந்தேன். நீங்க மூணு பேரும் எதுக்கு வந்தீங்கன்னுதான் எனக்கு இன்னும் வெளங்கல.”

அன்றிலிருந்து என் திட்டத் தாள்களில் தங்குமிடம், பார்க்குமிடம் என்ற வரிகளுக்குக் கீழே ‘விசில் ஒன்று’ என்றும் எழுதிக் கொடுக்கிறேன். இதுவரை ஒருவர்கூட அது எதற்கு என்று கேட்கவில்லை.